பனியன் கம்பெனியில் சமூகப் பொறுப்பு: சம்பள நோட்டிலிருந்து தொடங்குங்கள்

திருப்பூரில் ஒரு ஏற்றுமதி கம்பெனிக்குக் கணக்கு எழுத வந்தவள் நான். வெளிநாட்டில் இருந்து சரக்கு வாங்கும் பையர், கம்பெனி ஒழுங்காக நடக்கிறதா என்று பார்க்க நடத்தும் ஆடிட்டுக்குப் பதில் சொல்ல ஆள் இல்லாமல் அந்த வேலையும் என் தலையில் விழுந்தது. இப்போது அதுதான் முழுநேர வேலை. அதனால் சமூகப் பொறுப்பு என்று யாராவது சொன்னால் எனக்கு நோட்டும் பில்லும்தான் கண்முன் வரும். மரக்கன்று நடுவது, ரத்த தான முகாம், பள்ளிக்கூடத்துக்கு பெஞ்சு எல்லாம் நல்ல காரியம்தான், செய்யுங்கள். லாபத்தில் 2 சதவீதம் ஒதுக்கச் சொல்லும் 2013-ஆம் ஆண்டு சட்டம், நிகர லாபம் 5 கோடியையோ விற்றுமுதல் 1,000 கோடியையோ எட்டும் பெரிய கம்பெனிகளுக்கானது. பார்ட்னர்ஷிப்பாக நடக்கும் நம் யூனிட்டுகள் அதில் வரவே வராது. நமக்கு வேலை காம்பவுண்டுக்கு உள்ளேயே கிடக்கிறது.

முதலில் ஓவர்டைம். ஒன்றரை ஷிப்டு நம் ஊரில் பழகிப்போன விஷயம். அதை மறைக்க ஆடிட்டுக்கு ஒரு நோட்டு, சனிக்கிழமை சம்பளத்துக்கு ஒரு நோட்டு என்று வைத்திருப்பவர்கள் முதலில் அந்தப் பழக்கத்தை விடுங்கள். கை தேர்ந்த ஆடிட்டர் சம்பள நோட்டைப் பார்ப்பதற்கு முன் தைத்த பீஸைச் சரிபார்த்த செக்கிங் ரிப்போர்ட்டையும், மிஷின் ஊசி உடையும்போதெல்லாம் தேதி போட்டுக் குறிக்கும் ரிஜிஸ்டரையும் கேட்பார். ஞாயிற்றுக்கிழமை லீவு என்று சம்பள நோட்டு சொல்லும்; அதே தேதியில் மூன்றாம் லைனில் ஊசி உடைந்ததாக இந்த ரிஜிஸ்டர் சொல்லும். அப்புறம் என்ன பேசுவது?

நோட்டை ஒன்றாக்கிவிட்டு, ஓவர்டைம் நடக்கும் ஒவ்வொரு நாளும் எதனால் என்று ஒரே வரி எழுதி வையுங்கள். ‘சாயம் லேட்’, ‘பிரிண்டில் இருந்து பீஸ் வரவில்லை’, ‘ஷேட் அப்ரூவலுக்குக் காத்திருந்தோம்’ (சாயத்தின் நிறத்துக்குப் பையர் சொல்லும் ஓகே), ‘லேபிள் தப்பு’, இவ்வளவு போதும். ஒரு மாதம் எழுதினால் தெரிந்துவிடும்: தையலில் ஆள் குறைவு என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கும் பல இரவுகளுக்குக் காரணம் தையலுக்கு முந்தைய மேஜையில் இருக்கும்.

பணக் கணக்கையும் போட்டுப் பாருங்கள். உதாரணத்துக்கு, 8 மணி நேர ஷிப்டுக்கு 480 ரூபாய் என்றால் மணிக்கு 60. வாரத்துக்கு 48 மணி நேரத்தைத் தாண்டிய வேலைக்குச் சட்டப்படி இரட்டிப்பு, அதாவது 120. பீஸ் ரேட்டுக்குத் தைப்பவருக்கும் அவர் சராசரிச் சம்பாத்தியத்தை வைத்து இதே இரட்டிப்புதான். 40 பேர் 3 மணி நேரம் கூடுதலாக உட்கார்ந்தால் ஒரு ராத்திரிக்கு 14,400 ரூபாய். இதை ஒழுங்காகக் கொடுக்க ஆரம்பித்த பிறகுதான் முதலாளிக்கு ‘சாயம் லேட்’ என்பது செலவாகத் தெரியும். ராத்திரி தைத்த பண்டலுக்குத் தனி அடையாளம் போட்டு, மறுநாள் செக்கிங்கில் ஆல்ட்ரேஷன், அதாவது பிரித்துத் திரும்பத் தைக்க வேண்டிய பீஸ், எத்தனை என்று தனியாக எண்ணச் சொல்லுங்கள். பகல் பண்டலோடு ஒப்பிட்டுவிட்டு அந்த 14,400-ஐ மறுபடி பாருங்கள்.

அடுத்து சாயம். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் நம் ஊர் சாயப்பட்டறைகள் ஒட்டுமொத்தமாக மூடப்பட்டது பழைய ஆட்களுக்கு மறக்காது. நொய்யலில் விட்ட தண்ணீர் ஒரத்துப்பாளையம் அணையில் போய்த் தேங்கி, கீழே இருந்த விவசாயிகள் நிலத்தையும் கிணற்றையும் இழந்து கோர்ட்டுக்குப் போனதன் முடிவு அது. துணியை வெளியூருக்கு லாரி ஏற்றிச் சாயம் போட்டுக் கொண்டுவந்தோம். ஆர்டர் கைவிட்டுப் போவதை அப்போது எல்லோரும் பார்த்தோம். ஒரு சொட்டு கழிவுநீரும் வெளியே விடக்கூடாது என்ற நிபந்தனைக்கு ஒத்துக்கொண்ட பிறகுதான் பட்டறைகள் திரும்ப ஓடின.

அதனால் சாயக் கூலி பேசும்போது அதன் மலிவை மட்டும் பார்க்காதீர்கள். சாயத் தண்ணீரை ஆர்.ஓ. வடிகட்டியில் ஏற்றி, மிஞ்சியதை எவாப்பரேட்டரில் காய்ச்சி உப்பைப் பிரிப்பதற்கு கரண்டும் விறகும் ஆகும். ஊரில் எல்லோரும் சொல்லும் ரேட்டைவிட ஒருவர் ரொம்பக் குறைத்துச் சொன்னால், தண்ணீர் எங்கே போகிறது என்று கேளுங்கள். பொது சுத்திகரிப்பு நிலையத்துக்கு அவர் அனுப்பிய தண்ணீருக்கான மாத பில்லைக் கேட்டு வாங்கி, அந்த மாதம் அவர் சாயம் போட்ட கிலோவோடு பொருத்துங்கள். கருப்பும் நேவியும் அதிகம் ஓடிய மாதத்தில் உப்பும் அலசலும் கூடத்தான் செய்யும். பில் மட்டும் இறங்கியிருந்தால் அடுத்த லாட்டை வேறு இடத்துக்கு அனுப்புங்கள். சொந்தமாக சுத்திகரிப்பு வைத்திருப்பவரிடம் கழிவுச் சேறு எடுத்துச் சென்ற ரசீதைக் கேளுங்கள். சிமெண்ட் ஆலைக்குப் போயிருந்தால் காகிதம் இருக்கும்.

கான்ட்ராக்டர் ஆட்களுக்கு ஒரு விதி போதும்: அந்த மாத பி.எஃப்., இ.எஸ்.ஐ. சலானும் பெயர்ப் பட்டியலும் வராமல் அவர் பில்லை பாஸ் செய்யாதீர்கள். அவர் கட்டாமல் விட்டால் இ.எஸ்.ஐ. நம்மிடம்தான் வந்து நிற்கும். ஒடிசாவில் இருந்து வந்த பெண்ணுக்கு மிஷினில் கை மாட்டிய பிறகு இ.எஸ்.ஐ. கார்டு தேடுவது மாதிரி கேவலம் வேறில்லை.

பாலியல் தொல்லை புகார்க் குழு, பத்துப் பேர் வேலை செய்யும் இடத்திலேயே கட்டாயம். தலைவர் பெண்ணாக இருக்க வேண்டும், வெளியில் இருந்து ஒரு உறுப்பினர் வேண்டும். பெயர்ப் பலகை எழுதுவதோடு நிறுத்தாமல், புகார்ப் பெட்டி எங்கே மாட்டியிருக்கிறது என்று போய்ப் பாருங்கள். நான் போன ஒரு ஜாப் ஒர்க் யூனிட்டில் (கூலிக்குத் தைத்துக் கொடுக்கும் இடம்) அது சூப்பர்வைசர் மேஜைக்கு நேர் எதிரே, கேமராவுக்குக் கீழே தொங்கியது. பூட்டின் மேல் பஞ்சுத் தூசி படிந்திருந்தது. ‘எங்களுக்குப் புகாரே இல்லைங்க’ என்றார் மேனேஜர், பெருமையாக! பெட்டியைப் பெண்கள் கழிப்பறை போகும் வழியில் மாட்டுங்கள். அதன் மேல் ஒடியாவிலும் இந்தியிலும் எழுதுங்கள்.

கடைசியாக பையர். நல்ல பேரம் பேசும் இடம் விலை மட்டும் இல்லை. ஓவர்டைம் காரண நோட்டில் ‘அப்ரூவல் லேட்’ என்று வந்த தேதிகளை ஒரு தாளில் எடுத்து, பையரோடு ஆர்டர் பேசும் நம் மெர்ச்சண்டைசர் கையில் கொடுத்து அனுப்புங்கள். சரக்கு வரும் வழியெல்லாம் வேலையாட்கள் எப்படி நடத்தப்படுகிறார்கள் என்று பெரிய கம்பெனிகளைப் பார்க்கச் சொல்லும் சப்ளை செயின் சட்டம் ஜெர்மனியில் 2023 முதல் நடப்பில் இருக்கிறது. அங்குள்ள பெரிய பையர்கள் தங்கள் சரக்கு தைக்கும் இடத்தில் நடப்பதைக் கண்டுகொள்ளாமல் இருக்க முடியாது. அந்தத் தாளை எடுத்துப் பேசத் தயாராக இருக்கும் பையருக்கு நாங்கள் லைனை முன்கூட்டியே ஒதுக்கி வைக்கிறோம். பேசாதவருக்கு அடுத்த சீசன் லீட் டைமில் (ஆர்டர் எடுத்ததில் இருந்து சரக்கு கொடுக்கும் வரை ஆகும் நாள்) ஒரு வாரம் கூட்டித்தான் தேதி கொடுக்கிறோம்.