சின்ன பைக்ல சானி பாஸ் ஏறணுமா? முன்னாடி ஒரு பல்ல குறைங்க

தென்னாப்பிரிக்காவோட டர்பன்ல இருந்து 125சிசி பைக்ல, லெசோத்தோவுக்கு ஏறுற மலைக்கணவாய் சானி பாஸ் போறேன்னு சொன்னா சிரிக்கிறவங்கதான் அதிகம், ஆனா போகலாம், மெதுவா. உச்சி 2876 மீட்டர், அங்க காத்து லேசு, கடல்கரையில ஓடுற பவர்ல ஏறக்குறைய கால் பங்கு காணாம போயிடும். அப்ப ஃபர்ஸ்ட் கியர்லயே வண்டி மூச்சு வாங்கும், கிளட்ச பாதி பிடிச்சே ஏத்துனா கிளட்ச் கருகிடும்.

அதுக்கு முன் ஸ்ப்ராக்கெட்ல (இன்ஜின் பக்கம் செயின் ஓடுற பல் சக்கரம்) ஒரு பல்ல குறைச்சுக்கோங்க. 15 பல் இருந்தா 14 போடுங்க, விலையும் கம்மி, வீட்லயே மாத்தலாம். கிட்டத்தட்ட 7 சதவீதம் கூடுதல் இழுவை கிடைக்கும். செயின் கொஞ்சம் தொளதொளன்னு ஆகும், பின் வீல பின்னாடி தள்ளி டைட் பண்ண மறக்காதீங்க (நான் மறந்தேன், நடு ரோட்ல செயின் கழண்டுச்சு, அது வேற கதை). டாப் ஸ்பீடு குறையும்தான், ஆனா என்3 ஹைவேல லாரிகளோட மல்லுக்கட்டாம பீட்டர்மாரிட்ஸ்பர்க் வரைக்கும் பழைய ஆர்103 ரோட்ல போறவங்களுக்கு அது ஒரு விஷயமே இல்ல.

கார்புரேட்டர் வண்டின்னா மேல போகப்போக பெட்ரோல் கலவை ரிச் ஆகி (காத்துக்கு பெட்ரோல் அதிகமாகி) கரும்புகை கக்கும், ஒரு சைஸ் சின்ன மெயின் ஜெட் (கார்புரேட்டர்ல பெட்ரோல் அளவ தீர்மானிக்கிற சின்ன துளை உள்ள பாகம்) கையில இருக்கட்டும். ஏர் ஃபில்டர கிளம்புறதுக்கு முன்னாடியே சுத்தம் பண்ணிடுங்க. பாஸுக்கு முன்னாடி வர்ற அண்டர்பெர்க் ஊர்ல டேங்க ரொப்பிடுங்க. அப்புறம் பாஸ்போர்ட், மேல லெசோத்தோ எல்லை தம்பி!