பதக்கம் பெட்டியில் இருக்கிறது, ரெக்கார்டில் இல்லை: முன்னாள் படைவீரரின் சர்வீஸ் பதிவில் விருதைச் சேர்க்கும் வழி

ராணுவப்பேட்டை என்றே பெயர் வாங்கிய கம்மவான்பேட்டையிலும், குடியாத்தம், காட்பாடி, அணைக்கட்டு பக்கத்து ஊர்களிலும் டிரங்குப் பெட்டிக்குள் பதக்கத்தைப் பத்திரமாக வைத்திருக்கும் வீடுகள் ஏராளம். ஆனால் பணி முடித்து வரும்போது தரும் சர்வீஸ் விவரப் புத்தகமான டிஸ்சார்ஜ் புக்கில் பதக்கங்களுக்கான இடம் காலியாக இருக்கும், அல்லது நான்கு வாங்கியவருக்கு இரண்டுதான் எழுதியிருக்கும். அவர் இருக்கும்வரை யாரும் அதைக் கேட்பதில்லை. மனைவி சலுகைக்கு விண்ணப்பிக்கும் நாளில்தான் "இதற்குப் பதிவு இல்லையே" என்ற பதில் வரும். திருத்த வேண்டியதை அவர் உயிரோடு இருக்கும்போதே திருத்திவிடுங்கள். கையெழுத்துப் போட அவர் இருந்தால் பாதி வேலை குறைந்துவிடும்.

சர்வீஸ் ஆவணங்களை வைத்திருக்கும் ரெக்கார்ட் ஆபீஸில் இருப்பவர் உங்கள் அப்பாவின் வீரத்தை மதிப்பிட உட்கார்ந்திருக்கவில்லை. ஒரு பதிவைச் சேர்க்க அவருக்கு எண்ணும் தேதியும் உள்ள ஓர் ஆணை வேண்டும். அது அரசிதழ் அறிவிப்பாக இருக்கலாம், வீரரின் சர்வீஸ் விவர மாற்றங்களைப் பதிந்து படைக்குள் வெளியிடும் பார்ட் டூ ஆர்டராக இருக்கலாம். அந்த எண்ணைக் கண்டுபிடித்துக் கொடுத்தால் வேலை நடக்கும். ஐந்து பக்கத்துக்குப் போர்க்கதை எழுதி அனுப்பினால் கடிதம் கோப்பிலேயே கிடக்கும்.

முதலில் எந்த வகை விருது என்று பிரித்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான மனுக்கள் இங்கேதான் சறுக்குகின்றன. பரம் வீர் சக்ரா, மகாவீர் சக்ரா, வீர் சக்ரா ஆகியவை போர்க்கள வீர விருதுகள். அசோக் சக்ரா, கீர்த்தி சக்ரா, சௌர்ய சக்ரா ஆகியவை போர்க்களத்துக்கு வெளியே காட்டிய வீரத்துக்கானவை. 1967-க்கு முன் இந்த மூன்றுக்கும் அசோக் சக்ரா முதல், இரண்டாம், மூன்றாம் வகுப்பு என்றுதான் பெயர். ஆகவே பழைய தாளில் 'மூன்றாம் வகுப்பு' என்று இருந்தால் அது இன்றைய சௌர்ய சக்ரா. சேனா மெடல் இரண்டு விதம்: வீரத்துக்கு ஒன்று, கடமை உணர்வுக்கு ஒன்று. பதக்கம் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். மாதந்தோறும் பணமாக வரும் மாதப்படி இந்த இரண்டில் வீரத்துக்கானதற்கு மட்டுமே உண்டு. அதனால் எதற்காகக் கொடுக்கப்பட்டது என்று சொல்லும் பாராட்டுரையின் வாசகம் கையில் இருந்தே ஆக வேண்டும். மென்ஷன் இன் டெஸ்பாட்சஸ் என்பது தனிப் பதக்கம் அல்ல, போர்ப் பதக்கத்தின் ரிப்பனில் அணியும் தாமரை இலைச் சின்னம். அதற்கு மாதப்படி கிடையாது, ஆனால் பதிவில் இடம் உண்டு.

இன்னொரு பக்கம், போரில் பங்கேற்றவர்களுக்குப் பொதுவாகக் கொடுக்கும் பதக்கங்கள்: 1965 போருக்குச் சமர் சேவா ஸ்டார், ரக்ஷா மெடல், 1971-க்குப் பூர்வி ஸ்டார், பஸ்சிமி ஸ்டார், சங்க்ராம் மெடல், 1999 கார்கிலுக்கு ஆபரேஷன் விஜய் ஸ்டார், ஆபரேஷன் விஜய் மெடல். இவற்றுக்குத் தனி ஆள் பெயர் அரசிதழில் வராது. யூனிட் எந்தப் பகுதியில், எந்தத் தேதியில் இருந்தது, அந்த நாளில் இவர் யூனிட்டோடு இருந்தாரா என்பதைப் பார்த்து பார்ட் டூ ஆர்டரில் போடுவார்கள். இவற்றை அரசிதழில் தேடி மாதங்களை வீணாக்க வேண்டாம்.

பட்டாலியன் பெற்ற பேட்டில் ஆனர் தனி ஆளுக்கான விருது ஆகாது. தளபதி தரும் பாராட்டு அட்டையான கமெண்டேஷன் கார்டும் சக்ரா வரிசையில் சேராது. இவற்றைக் கலந்து எழுதினால் உண்மையான கோரிக்கைக்கும் மதிப்புக் குறையும்.

இனி ஆதாரம். முதல் சாட்சி பதக்கமேதான். அசல் பதக்கத்தின் விளிம்பிலோ பின்புறத்திலோ எண், பெயர், யூனிட் பொறித்திருக்கும். பூதக்கண்ணாடி வைத்துப் படித்து, பக்கவாட்டு வெளிச்சத்தில் படம் எடுங்கள். பளபளப்பாக்குகிறேன் என்று பாலிஷ் போட்டுத் தேய்த்துவிடாதீர்கள், எழுத்து மங்கிவிடும். எதுவும் பொறிக்காத பதக்கம் என்றால் அது அணிவகுப்பில் குத்திக்கொள்ளக் கடையில் வாங்கிய நகலாக இருக்கலாம். அதைச் சான்றாக அனுப்பாதீர்கள்.

வீர விருதுக்கு இந்திய அரசிதழின் முதல் பாகம் முதல் பிரிவில் குடியரசுத் தலைவர் செயலக அறிவிப்பைத் தேட வேண்டும். 'பிரெஸ்' என்ற சொல் உள்ள அறிவிப்பு எண், தேதி, வீரரின் எண், பெயர், யூனிட், விருது நடைமுறைக்கு வரும் நாள் எல்லாம் அதில் இருக்கும். ஜனவரி 26, ஆகஸ்ட் 15 பட்டியல்கள் அந்தந்த நாளில் அறிவிக்கப்பட்டாலும் அச்சில் வருவது பிறகுதான். அந்தத் தேதி இதழில் இல்லை என்று விட்டுவிடாமல் அடுத்து வந்த மாதங்களையும் புரட்டுங்கள். 1971 போர் விருதுகளுக்கு 1972 இதழ்களையும் பார்க்க வேண்டும். பாதுகாப்பு அமைச்சகத்தின் வீர விருதுகள் இணையதளத்தில் பெயரை வைத்துத் தேடலாம். அங்கே பெயர் கிடைத்தால் ஆண்டு தெரியும், ஆண்டு தெரிந்தால் அரசிதழைப் பிடித்துவிடலாம்.

போர்ப் பதக்கத்துக்கு டிஸ்சார்ஜ் புக்கின் போஸ்டிங் பக்கங்கள், அந்த நாட்களின் கள மருத்துவமனைச் சீட்டு, காயம் பட்டிருந்தால் பேட்டில் கேஷுவல்டி அறிவிப்பு ஆகியவை உதவும். உடன் பணியாற்றியவரின் உறுதிமொழிப் பத்திரம் துணைச் சான்று மட்டுமே. குரூப் போட்டோவுக்கு அந்த அளவு பலமும் கிடையாது.

ஆள் பொருந்தாமல் போவதுதான் நம் பக்கத்தில் மிகப் பெரிய சிக்கல். நமக்கு இனிஷியல்தான் அப்பா பெயர். பட்டாளத்தில் அதை விரித்து எழுதியிருப்பார்கள், அல்லது பெயருக்குப் பின்னால் தள்ளியிருப்பார்கள். ஆங்கில எழுத்துக்கூட்டல் ஒவ்வொரு தாளிலும் ஒவ்வொரு மாதிரி இருக்கும். இதற்கு நோட்டரி முன் உறுதிமொழிப் பத்திரமும், இரு பெயரும் ஒருவரையே குறிக்கும் என்ற வருவாய்த்துறைச் சான்றும் இணையுங்கள். டிஸ்சார்ஜ் புக்கில் உள்ள வடிவத்தையே முதன்மையாக எழுதுங்கள், ஆதாரில் உள்ளதை அல்ல.

எண்ணும் மாறும். சிப்பாயாக இருந்தபோது ஓர் எண், நாயிப் சுபேதார் ஆனதும் ஜே.சி. என்று தொடங்கும் வேறோர் எண். பதக்கத்தில் பழைய எண்ணும் ஓய்வூதிய ஆணையில் புதிய எண்ணும் இருந்தால், இரண்டையும் ஒரே வரியில் எழுதாத மனு 'பதிவு கிடைக்கவில்லை' என்று திரும்பிவிடும். ஓய்வுக்குப் பின் டி.எஸ்.சி. எனப்படும் டிஃபென்ஸ் செக்யூரிட்டி கோரில் சேர்ந்து இரண்டாம் சர்வீஸ் முடித்தவர்கள் கூடுதல் கவனம் எடுக்க வேண்டும். அவர்களுக்கு எண்ணும் இரண்டு, டிஸ்சார்ஜ் புக்கும் இரண்டு. விருது பழைய படைப்பிரிவின் ரெக்கார்டில் இருக்கும், டி.எஸ்.சி. ரெக்கார்டுக்கு வந்திருக்காது. முதலில் பழைய இடத்தில் சரிசெய்து, அந்த ஆணை நகலை வைத்துக் கண்ணூரில் உள்ள டி.எஸ்.சி. ரெக்கார்ட் ஆபீஸுக்கு எழுதுவதே சரியான வரிசை.

மாவட்டப் பெயர் பலரைப் பயமுறுத்துகிறது. ரெக்கார்டில் 'வட ஆற்காடு' என்று இருப்பது பிழை அல்ல. 1989-ல் அந்த மாவட்டம் திருவண்ணாமலை சம்புவராயர், வட ஆற்காடு அம்பேத்கர் என்று பிரிந்தது. பின்னது வேலூர் ஆகி, 2019-ல் ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் அதிலிருந்து பிரிந்தன. அரக்கோணத்துக்காரர் இன்று ராணிப்பேட்டை, ஆம்பூர்க்காரர் திருப்பத்தூர், போளூர்க்காரர் திருவண்ணாமலை. இதைத் திருத்தச் சொல்லித் தனி மனு வேண்டாம். கடிதத்தில் 'முந்தைய வட ஆற்காடு, தற்போது இன்ன மாவட்டம்' என்று ஒரு வரி போதும்.

மனு போக வேண்டிய இடம் அவர் பணியாற்றிய படைப்பிரிவின் ரெக்கார்ட் ஆபீஸ். மெட்ராஸ் ரெஜிமெண்டுக்கு வெலிங்டன், மெட்ராஸ் பொறியாளர் படையான எம்.இ.ஜி.க்குப் பெங்களூரு, பீரங்கிப் படைக்கு நாசிக் ரோடு கேம்ப், சிக்னல்ஸுக்கு ஜபல்பூர், மின், இயந்திரப் பொறியாளர் படையான இ.எம்.இ.க்கும் தளவாடப் படையான ஆர்ட்னன்ஸுக்கும் செகந்திராபாத், ராணுவ மருத்துவப் படையான ஏ.எம்.சி.க்கு லக்னோ. விமானப்படை வீரர்களுக்கு டில்லி சுப்ரதோ பார்க், கடற்படை மாலுமிகளுக்கு மும்பை மான்கூர்ட். அதிகாரிகளாக இருந்தவர்களின் ஆவணம் டில்லித் தலைமையகத்தில்.

கடிதம் ஆங்கிலத்தில், ஒரு பக்கத்துக்குள் இருக்கட்டும். தலைப்பிலேயே எண், பழைய எண் இருந்தால் அதுவும், ரேங்க், பெயர், யூனிட், சேர்ந்த தேதி, ஓய்வு பெற்ற தேதி. முதல் பத்தியில் எந்த விருது, எந்த அறிவிப்பு எண், எந்தத் தேதி. இரண்டாவது பத்தியில் எங்கே விடுபட்டிருக்கிறது: ரெக்கார்ட் ஆபீஸில் இருக்கும் மூல சர்வீஸ் பதிவான ஷீட் ரோலிலா, டிஸ்சார்ஜ் புக்கில் மட்டுமா, ஓய்வூதிய ஆணையிலா. இது மிக முக்கியம். ஷீட் ரோலில் ஏற்கெனவே இருந்து டிஸ்சார்ஜ் புக்கில் மட்டும் எழுத மறந்திருந்தால் வேலை சுலபம், மேற்குறிப்பு எழுதி முத்திரை வைத்துத் தந்துவிடுவார்கள். ஷீட் ரோலிலேயே இல்லையென்றால் பார்ட் டூ ஆர்டர் புதிதாக வெளியாக வேண்டும். மூன்றாவது பத்தியில் கேட்பதை நேராகக் கேளுங்கள்: பார்ட் டூ ஆர்டர் வெளியிட்டு நகல் தர வேண்டும், ஷீட் ரோலில் சேர்த்து அந்தப் பக்கத்தின் நகல் தர வேண்டும், டிஸ்சார்ஜ் புக்கில் மேற்குறிப்பு இட வேண்டும், மாதப்படி உள்ள விருதானால் ஓய்வூதியத் திருத்த ஆணைக்குப் பிரயாக்ராஜில் உள்ள பாதுகாப்புத் துறை ஓய்வூதியக் கணக்கு அலுவலகத்துக்குப் பரிந்துரை அனுப்ப வேண்டும்.

இந்த மனுவை மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தின் முகப்புக் கடிதத்தோடு அனுப்புவது நல்லது. ராணிப்பேட்டை, திருப்பத்தூர்க்காரர்கள் தங்கள் பெயர் எந்த அலுவலகத்தில் பதிவாகியிருக்கிறதோ அங்கே போக வேண்டும். ஒரு நகலை நேரடியாக ஸ்பீடு போஸ்டில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

அசல் டிஸ்சார்ஜ் புக்கை முதல் கடிதத்தோடு அனுப்பாதீர்கள். அவர்கள் கேட்ட பிறகு அனுப்பலாம், முடிந்தால் நேரில் கொண்டுபோகலாம். வேலூரிலிருந்து பெங்களூரு போவது பெரிய பயணம் அல்ல. அனுப்பும் முன் அட்டை உட்பட எல்லாப் பக்கத்தையும் ஸ்கேன் செய்துகொள்ளுங்கள். புக்கை லேமினேட் செய்யவே கூடாது, பிளாஸ்டிக்கின் மேல் யாரும் குறிப்பு எழுதி முத்திரை வைக்க முடியாது. விடுபட்ட பதக்கத்தின் பெயரை நீங்களே பேனாவால் எழுதுவது அதைவிடப் பெரிய தவறு. கையெழுத்தில்லாத ஒரு வரி மற்றப் பக்கங்களின் நம்பகத்தையும் கெடுத்துவிடும்.

எண் எதுவுமே கிடைக்கவில்லையா? தகவல் உரிமைச் சட்டம் கைகொடுக்கும். பத்து ரூபாய் கட்டணம், 30 நாள் கெடு, நகலுக்குப் பக்கத்துக்கு 2 ரூபாய். 'ஏன் தரவில்லை' என்று கேட்காதீர்கள். ஷீட் ரோலில் விருதுகள் குறித்த பக்கத்தின் நகல், இன்ன ஆண்டில் இவர் பெயரில் வெளியான பார்ட் டூ ஆர்டர்களின் நகல் என்று ஆவணத்தின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். பதில் வராவிட்டால் 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. வீரர் இறந்திருந்தால் மனைவியோ பிள்ளையோ வாரிசுச் சான்றையும் இறப்புச் சான்றையும் இணைக்காமல் கேட்டால், பிறர் தகவல் என்று மறுத்துவிடுவார்கள். ஒன்றை மறக்க வேண்டாம்: இந்தச் சட்டம் நகல் வாங்கித் தரும், திருத்தித் தராது. நகல் வந்த பிறகு மேலே சொன்ன மனுவைப் போட வேண்டும்.

ஓய்வூதியம் இல்லாமல் வெளியே வந்தவர்களின் சர்வீஸ் ஆவணங்கள் 25 ஆண்டுக்குப் பின் அழிக்கப்படுவது விதி. 'ஆவணம் அழிக்கப்பட்டது' என்ற பதில் வந்தால் சோர்ந்துவிடாமல் லாங் ரோல் நகலைக் கேளுங்கள். அது நிரந்தரமாக வைக்கப்படும் பதிவேடு.

பதிவு ஏறிய பின் பணப்பலன். மத்திய அரசின் மாதப்படி 2017 ஆகஸ்ட் 1 முதல் பரம் வீர் சக்ராவுக்கு 20,000 ரூபாய், அசோக் சக்ராவுக்கு 12,000, மகாவீர் சக்ராவுக்கு 10,000, கீர்த்தி சக்ராவுக்கு 9,000, வீர் சக்ராவுக்கு 7,000, சௌர்ய சக்ராவுக்கு 6,000, வீரத்துக்கான சேனா மெடலுக்கு 2,000. வீரருக்குப் பின் மனைவிக்கும் தொடரும். அரசிதழில் விருது நடைமுறைக்கு வரும் நாள் என்று ஒரு தேதி இருக்கும், நிலுவையைக் கணக்கிட அது வேண்டும். சக்ரா வரிசை விருதாளர்களுக்கு ரயில்வே இலவசப் பாஸும் உண்டு. தமிழக அரசின் உதவிக்கு நல அலுவலகத்தில் தனி விண்ணப்பம். பாதுகாப்புத் துறையின் ஓய்வூதிய இணையதளமான ஸ்பர்ஷ் கணக்கில் மாதப்படி தானாக வந்துவிடும் என்று காத்திருக்காதீர்கள், திருத்த ஆணை எண் வரும்வரை மாதம் ஒருமுறை நினைவூட்டுங்கள்.

பதக்கம் தொலைந்திருந்தால் அது வேறு விவகாரம். காவல் நிலையத்தில் புகார் கொடுத்து சி.எஸ்.ஆர். ரசீது வாங்கி, மாற்றுப் பதக்கம் கேட்டுத் தனி மனு போடுங்கள். பதிவுத் திருத்தத்தோடு சேர்த்தால் இரண்டும் தாமதமாகும்.

எழுத்தில் மறுத்துவிட்டால் ஆறு மாதத்துக்குள் சென்னையில் உள்ள ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தை அணுகலாம். மனுவுக்குப் பதிலே வராவிட்டால், மனு கொடுத்து ஆறு மாதம் கழிந்ததும் அடுத்த ஆறு மாதத்துக்குள் போக வேண்டும். ஸ்பீடு போஸ்ட் ரசீது அப்போதுதான் பேசும். ஆனால் பரிந்துரை போயும் அரசிதழில் வராத விருதை இந்த வழியில் வாங்க முடியாது. கொடுக்கப்பட்ட விருதைப் பதிவில் ஏற்றத்தான் இது பயன்படும். மேலதிகாரி வாய்மொழியாகச் சொன்ன பரிந்துரையை நம்பி வழக்கறிஞருக்குப் பணம் கட்டும் முன் இதை யோசியுங்கள்.

இரண்டாம் உலகப் போரில் பர்மாவிலோ வட ஆப்பிரிக்காவிலோ போரிட்ட தாத்தாவின் வீர விருதைத் தேடுகிறவர்கள் இந்திய அரசிதழோடு நிற்க வேண்டாம். அந்தக் காலத்து மிலிட்டரி மெடல், ஐ.டி.எஸ்.எம். (இந்தியன் டிஸ்டிங்விஷ்ட் சர்வீஸ் மெடல்) போன்றவை பிரிட்டிஷ் அரசிதழான லண்டன் கெஜட்டில் வந்தன. அதன் பழைய இதழ்களை இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம். பெயரை வைத்துத் தேடினால் எழுத்துக்கூட்டலில் தவறிவிடும், படை எண்ணை வைத்துத் தேடுங்கள்.