கல்தூள் ஊரில் கைப்பேசி

ஆந்திராவின் குப்பம் ஊர்ப் பக்கம் கிரானைட் லாரிகளின் பின்னால் தினமும் பைக்கில் போகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. கைப்பேசித் திரையைச் சாவி கீறிவிடும் என்று பயப்படுகிறோம். மோஸ் கடினத்தன்மை அளவில் எண் கூடிய பொருள், குறைந்ததைக் கீறும். அதில் பித்தளைச் சாவி 3 அல்லது 4. திரைக் கண்ணாடி சுமார் 6. கல்தூளில் உள்ள குவார்ட்ஸ் என்ற கனிமம் 7. கீறுவது பெரும்பாலும் அதுதான்.

எனவே வீடு வந்ததும் வேட்டி நுனியால் துடைக்காதீர்கள். முதலில் ஊதித் தூளை உதிர்த்துவிடுங்கள். பிறகு மூக்குக்கண்ணாடி துடைக்கும் துணியால் மெதுவாக ஒற்றி எடுங்கள்.

உறை போட்டிருப்பதால் கவலையில்லை என்பவர்கள், அதைக் கழற்றிப் பார்க்கட்டும். கேமராவைச் சுற்றியும் மூலைகளிலும் சாம்பல் நிறத்தில் மெல்லிய கோடாகத் தூள் படிந்திருக்கும். பையில் அசையும்போதெல்லாம் அது உப்புத்தாள் போலப் பின்புறப் பூச்சைத் தேய்க்கிறது. பளபளப்பு முதலில் மங்குவது அங்கேதான். வாரம் ஒருமுறை உறையைச் சோப்பு நீரில் கழுவி, ஈரம் முழுதும் காய்ந்தபின் மாட்டுங்கள்.

கீறலைப் பற்பசையால் தேய்க்கச் சொல்லும் யோசனையை மட்டும் கேட்காதீர்கள். ஆழமான கீறல் போகாது. விரல்ரேகை ஒட்டாமலிருக்கத் திரையில் பூசிய மெல்லிய பூச்சு போய்விடும்.