மேடையா, வீடியோவா: புது கேமை எப்படி அறிவிப்பது?

சின்னக் குழுக்களின் கேம்களுக்கு ட்ரெய்லர் வெட்டித் தருவது என் வேலை. அறிவிப்பை மேடையில் வைத்துக்கொள்ளலாமா, வீடியோவாகப் போட்டுவிடலாமா என்று கேட்காதவர்கள் குறைவு. நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: உங்கள் கேம் கண்ணால் பார்த்தாலே பிடித்துப்போகுமா, கையில் எடுத்து ஆடினால்தான் பிடிக்குமா?

பார்த்தாலே ஆசை வரும் என்றால் வீடியோ போதும். ஆடினால்தான் தெரியும் என்றால், கண்காட்சியில் ஒரு ஸ்டாலும் பிசி கேம்கள் விற்கும் ஆன்லைன் கடையான ஸ்டீமில் ஒரு டெமோவும் (ஆடிப்பார்க்க ஒரு சிறு பகுதி) வேண்டும். பெரிய மேடை, ஏற்கெனவே ஆவலோடு காத்திருக்கிற கூட்டம் இருப்பவர்களுக்கு.

மேடையின் பலம் எதிரே உட்கார்ந்திருப்பவர்கள்தான். 2017-இல், அமெரிக்காவில் நடந்துவந்த ஈ3 என்ற கேம் கண்காட்சியில் யூபிசாஃப்ட் நிறுவனம் 'மாரியோ + ராபிட்ஸ்' கேமை அறிவித்தது. விஷயம் முன்பே கசிந்து, பலர் முகம் சுளித்திருந்த நேரம். மேடையில் மாரியோவை உருவாக்கிய நிண்டெண்டோவின் மியாமோட்டோ நிற்க, கேமரா பார்வையாளர் பக்கம் திரும்பியது. அங்கே அந்த கேமின் இயக்குநர் டேவிடே சொலியானி கண்ணீரோடு உட்கார்ந்திருந்தார். அந்த முகத்தைப் பார்த்தபின் கேமைப் பற்றிய பேச்சே மாறியது. எடிட்டிங் டேபிளில் எத்தனை நாள் உட்கார்ந்தாலும் அப்படியொரு ஷாட்டை என்னால் உருவாக்க முடியாது.

அதே கூட்டம் கைவிடவும் செய்யும். பிளிஸார்ட் நிறுவனம் தன் ரசிகர்களுக்காக நடத்தும் பிளிஸ்கான் விழாவில், 2018-இல் டிக்கெட் வாங்கி வந்திருந்தவர்கள் பிசியில் ஆடுகிற டயாப்லோ ரசிகர்கள். அவர்களிடம் பிளிஸார்ட் முக்கிய அறிவிப்பாக வைத்தது, மொபைலுக்கான 'டயாப்லோ இம்மார்ட்டல்'. கேள்வி நேரத்தில் ஒருவர் எழுந்து, இது ஏப்ரல் முட்டாள் வேடிக்கையா என்றே கேட்டுவிட்டார். வேறு ஆட்கள் முன்னால் அதே செய்தி சாதாரணமாகக் கடந்துபோயிருக்கும். அதனால் மேடை ஏறும் முன், அரங்கில் இருக்கப்போவது யார், எதை எதிர்பார்த்து வருகிறார்கள் என்று எழுதி வையுங்கள். அதற்கும் உங்கள் கேமுக்கும் பொருத்தம் இல்லையென்றால் ஏறாதீர்கள்.

நேரடி டெமோ காட்டுவதாக இருந்தால், ஆடுகிறவர் ஒருவர், பேசுகிறவர் வேறொருவர். கன்ட்ரோலர் வயர் போட்டதாக இருக்கட்டும். 2010 ஈ3 மேடையில் 'ஸ்கைவார்ட் ஸ்வோர்ட்' ஆடிக்காட்டிய மியாமோட்டோவுக்கே வாள் சொன்னபடி கேட்கவில்லை; அரங்கில் இருந்த வயர்லெஸ் குறுக்கீடுதான் காரணம் என்றார்கள். இன்டர்நெட் இல்லாமல் ஓடும் பில்டு (கேமின் பதிப்பு), ஒவ்வொரு கட்டத்துக்கும் தனி சேவ், கேம் நின்றுபோனால் உடனே ஓடவிட ஒரு ரெக்கார்டிங், மூன்றும் கையில் இருக்க வேண்டும்.

இனி வீடியோ. நிண்டெண்டோ 2011 அக்டோபரில் 'டைரக்ட்' என்ற அறிவிப்பு வீடியோக்களைத் தொடங்கியது. 2013 ஈ3க்குப் பெரிய மேடை நிகழ்ச்சியையே விட்டுவிட்டு அந்த வழிக்குப் போனது. சோனி 2019-இல் அதே மாதிரி 'ஸ்டேட் ஆஃப் பிளே' வீடியோக்களைக் கொண்டுவந்தது. 1995-இல் ஆரம்பித்த ஈ3 இனி நடக்காது என்று 2023 டிசம்பரில் அறிவித்தார்கள். வீடியோவில் தேதி உங்களுடையது, ஒவ்வொரு மொழிக்கும் தனிப் பதிப்பு செய்யலாம், அன்றைய தலைப்புச் செய்தியை இன்னொருவரோடு பங்குபோட வேண்டியதில்லை.

ஆனால் வீடியோவில் கைதட்டல் கிடையாது. மேடையில் ஒரு லோகோ வந்தாலே கூட்டம் ஆர்ப்பரிக்கும். அதே லோகோ போனில் வந்தால் விரல் அடுத்த வீடியோவுக்குத் தள்ளிவிடும். அதனால் கம்பெனி லோகோக்களை நான் எப்போதும் கடைசிக்குத் தள்ளுவேன். முதல் ஷாட்டிலேயே ஆட்டக்காரர் செய்கிற ஒரு செயல் தெரிய வேண்டும்: குதிக்கிறார், கயிற்றைப் பிடிக்கிறார், சுவர் உடைகிறது. காரணமும் விளைவும் ஒரே ஷாட்டில் இருக்கட்டும். நடுவில் வெட்டினால் அது வெறும் சினிமாக் காட்சி ஆகிவிடும். முடித்ததும் ஒலியை அணைத்து ஒருமுறை பாருங்கள். இது என்ன மாதிரி கேம் என்று அப்போதும் புரிய வேண்டும். நிஜ ஆட்டக் காட்சி இல்லாத இடத்தில் அப்படி இல்லையென்று எழுத்தில் போட்டுவிடுங்கள். ஏமாற்றிவிட்டதாகத் தோன்றினால் ஆட்டக்காரர்கள் அதை வருடக்கணக்கில் மறக்கமாட்டார்கள்.

எந்த வழியானாலும், அறிவிப்பு வெளியாகும் நிமிடத்தில் ஸ்டீம் பக்கம் திறந்திருக்க வேண்டும். பார்த்தவருக்கு ஆசை இருக்கும்போதே விஷ்லிஸ்ட் பட்டன் (பிறகு வாங்கக் குறித்துவைப்பது) கண்ணில் படணும். "விரைவில் பக்கம் வரும்" என்று சொல்லி முடிகிற ட்ரெய்லரை நான் டெலிவரி செய்வதில்லை. டெமோவுக்கு ஸ்டீம் நடத்தும் டெமோ விழாவான 'நெக்ஸ்ட் ஃபெஸ்ட்' நல்ல இடம். ஒரு கேம் ஒரே ஒருமுறைதான் கலந்துகொள்ள முடியும் என்பதால், டெமோ தேறும்வரை காத்திருங்கள்.

வெளியீட்டுத் தேதி உறுதியில்லையென்றால் திரையில் போடவே வேண்டாம். 2022 ஜூன் எக்ஸ்பாக்ஸ் நிகழ்ச்சியில், காட்டிய கேம்கள் எல்லாம் 12 மாதத்துக்குள் ஆடக் கிடைக்கும் என்றார்கள். அதில் 'ஹாலோ நைட்: சில்க்சாங்' ஒன்று. அது வந்தது 2025 செப்டம்பர் 4. இடையில் வந்த ஒவ்வொரு ஷோவிலும் ரசிகர்கள் அதைத்தான் தேடினார்கள். அவ்வளவு காலம் பொறுக்கிற ரசிகர்கள் ஒரு புதுக் குழுவுக்குக் கிடைக்கமாட்டார்கள்.