சமையற்கட்டைக் கடக்கப் பழகிய லாப்ரடார்

வாசல் மணி ஒலித்தால், காது கேளாத என் அப்பத்தாவின் முழங்காலைத் தொட்டு முகப்புவரை அழைத்துச் செல்ல வேண்டிய எங்கள் லாப்ரடார், காரைக்குடி வீட்டின் சமையல் நடக்கும் இரண்டாம் கட்டில் பணியாரச் சட்டி அடுப்பேறிய நேரங்களில் மட்டும் வேலையை மறந்து அங்கேயே நின்றுவிடும். குட்டியாக இருந்தபோது, பித்தளைத் தட்டு விழுந்த ஓசைக்கு மிரண்டாலும் நொடியில் தேறி அதை முகர வந்ததைப் பார்த்தே தேர்ந்தெடுத்தேன்; துணிவில் குறையில்லை. சிக்கல் பசியில் இருந்தது. பசியைக் கட்டுப்படுத்த உதவும் பி.ஓ.எம்.சி. என்ற மரபணுவில் ஒரு பகுதி விடுபட்ட லாப்ரடார்களுக்கு உணவின்மீது நாட்டம் மிகுதி என்றும், உதவி நாய்களிடம் அது கூடுதலாகக் காணப்படுகிறது என்றும் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் 2016இல் வெளியிட்டனர். எனவே அந்த நாட்டத்தை அடக்காமல் வேலைக்குத் திருப்பினேன்.

அன்றைய உலர் தீவனத்தைக் காலையிலேயே எடைபோட்டு டப்பாவில் வைத்து, மணியோசைக்கு அழைத்து வந்த ஒவ்வொரு முறையும் அப்பத்தா கையாலேயே சில உருண்டைகள் கொடுக்கச் செய்தேன். மிஞ்சியது இரவு உணவாயிற்று. மணம் எட்டாத முகப்பில் தொடங்கி, வளவு எனும் உள்முற்றம், பிறகு அடுப்பங்கரை வாசல் என்று பயிற்சியை மெல்ல நகர்த்தினோம். "ஒண்ணே ஒண்ணு போடுறேன் ஆச்சி" என்று கேட்கும் உறவினர்களிடம், காரப் பணியாரத்தின் சின்ன வெங்காயம் நாயின் சிவப்பணுக்களைச் சிதைக்கும் என்பதை எடுத்துச் சொன்னோம். விலா எலும்புகள் லேசாகத் தடவினாலே கைக்குத் தட்டுப்பட வேண்டும் என்பதே எங்கள் அளவுகோல்.

இப்போது பணியாரம் வேகும்போதும் நிற்காமல் கடந்து வருகிறது. விசேஷ நாள் கூட்டத்தில் மட்டும் இன்னும் தயங்குவதால், பக்கத்து வீட்டுப் பிள்ளைகளை வளவில் உட்கார வைத்துப் பழக்கி வருகிறோம்.