பைக் பின்பக்கம் நெளிந்ததைச் சரிசெய்த கதை: என் அனுபவம்

நண்பர்கள் நான்கு பேர், நான்கு பைக், மூன்று இரவு கூடாரம். முதல் நாளே என் வண்டி 70 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டினால் பின்பக்கம் பாம்பு மாதிரி நெளிந்தது. பயந்துவிட்டேன்.

ஓடிச் சூடான டயர் அழுத்தத்தைக் கூட்டிக் காட்டும் என்பதால், மறுநாள் காலை வண்டி எடுக்கும் முன் காற்றை அளந்தேன். தனியாக ஓட்டும் அளவுதான் இருந்தது. பின்னால் ஆள் உட்கார்ந்தால் வைக்கவேண்டிய அளவுக்குப் பம்பால் அடித்தேன். ஆட்டம் கொஞ்சம்தான் குறைந்தது.

உண்மையான காரணம் மூட்டை. தண்ணீர் கேன், அடுப்பு, டூல்ஸ் எல்லாம் பின் கேரியரில், சக்கர அச்சுக்கும் பின்னால், உயரமாகக் கட்டியிருந்தேன். பின்பக்கம் அழுந்த, சீசா பலகை போல முன்சக்கரம் லேசாகி, பிடி குறைந்துவிட்டது. எல்லாவற்றையும் அவிழ்த்தேன். தண்ணீரும் அடுப்பும் பக்கவாட்டுப் பைகளின் அடியில், முடிந்தவரை முன்னால். டூல்ஸ் டேங்க் மேலுள்ள பையில். கேரியரில் ஸ்லீப்பிங் பேக் மட்டும். இந்த ஒரு மணி நேர வேலையை வீட்டிலேயே செய்திருக்க வேண்டும். பின் ஷாக் அப்சார்பரையும் இரண்டு படி இறுக்கினேன்.

கொஞ்ச தூரம் பின்னாலேயே வந்து பார்த்த நண்பன் சொன்னான்: "இப்போ நேரா போகுதுடா."