மஞ்சள் போகாத குழந்தையா? மலத்தின் நிறத்தைப் பாருங்கள்

பிறந்து 14 நாள் தாண்டியும் கண்ணில் மஞ்சள் போகவில்லையா? இளவெயிலில் காட்டினால் சரியாகிவிடும் என்று பாட்டி சொல்வார், பல குழந்தைகளுக்குத் தானாகவே போய்விடவும் செய்யும், ஆனாலும் துணி மாற்றும்போது மலத்தைப் பகல் வெளிச்சத்தில் ஒருமுறை உற்றுப் பாருங்கள். மஞ்சள், பச்சை என்றால் பரவாயில்லை. களிமண் மாதிரி வெளுத்திருந்து, சிறுநீரும் துணியில் மஞ்சள் கறை விட்டால் பித்தநாளம் (ஈரலிலிருந்து குடலுக்குப் பித்தம் போகும் குழாய்) அடைபட்டிருக்கலாம். பிலியரி அட்ரீசியா என்பார்கள், அரிதானது. போனில் படம் எடுத்துக்கொண்டு உடனே குழந்தை மருத்துவரிடம் போங்கள். இரத்தப் பரிசோதனையில் மொத்த பிலிருபின் (மஞ்சள் நிறம் தரும் பொருள்) மட்டும் போதாது, பித்த அடைப்பில் கூடும் டைரக்ட் பிலிருபினையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். இந்த நோய் என்றால், பித்தம் குடலுக்குப் போக வழி செய்யும் கசாய் அறுவை சிகிச்சையை (கஷாயம் இல்லை, ஜப்பானிய மருத்துவர் ஒருவரின் பெயர்) பிறந்து 60 நாளுக்குள் செய்தால் பலன் அதிகம். நன்றாகப் பால் குடிக்கிறதே, எடை ஏறுகிறதே என்று மட்டும் தள்ளிப்போடாதீர்கள், ஆரம்பத்தில் இந்தக் குழந்தைகள் பெரும்பாலும் அப்படித்தான் கொழுகொழுவென இருக்கும்.